நாலு தேசிக்காய், ஆறு ரயர்

பேர்ணடெற் நவரட்ணம் ரொறன்ரோவில் இருபத்துநான்கு வருடம் பள்ளிப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ் ஓட்டியவர். உயரம் நாலடி பதினொரு அங்குலம். இருக்கையில் ஒரு தலையணை, அதன் மேல் மடித்த துவாய் ஒன்று வைத்துத்தான் ஸ்ரியரிங் பிடிப்பார். அந்த இருபத்துநான்கு வருடத்தில் அவருடைய பஸ்ஸில் ஏறிய எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கொம்பனி வருடாவருடம் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ்கள் இருபத்துநான்கையும் திகதிப்படி அடுக்கிக் கோப்பில் போட்டுக் கொடுத்தவன் நான். ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் இப்படியான வேலைகள் என்னிடம் வந்து சேரும்.

1988இல் அவர் இந்த ஊருக்கு வந்தபோது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் பதினேழாம் மாடியில் இருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு அவருடையது. நவரட்ணம் ஒன்பதாம் மாடியில் இருந்தார். 1990 பெப்ரவரி 3, சனிக்கிழமை, நாங்கள் ஏறிய லிஃப்ட் பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். நாற்பத்தேழு நிமிடம். நவரட்ணத்தின் கையில் ஒரு பை தோடம்பழம் இருந்தது. உரித்து உரித்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். பேர்ணடெற்றுக்கு மட்டும் இரண்டு. தன்னுடைய மாடியைத் தாண்டி அவர் ஏன் பதினேழுவரை வந்துகொண்டிருந்தார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் கல்யாணம்: காலையில் மாதா கோவிலில் மோதிரம், பின்னேரம் ஒரு மண்டபத்தில் தாலி. பேர்ணடெற் வேதக்காரி, நவரட்ணம் சைவம். இரண்டு வைபவத்துக்கும் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பஸ் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து பேர்ணடெற்றுக்கு ஒரு பழக்கம். காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ்ஸை ஒருமுறை சுற்றி வருவார். ஒவ்வொரு ரயரிலும் உள்ளங்கையால் ஓர் அடி. சத்தத்தை வைத்தே காற்றுக் குறைவா சரியா என்று சொல்லிவிடுவார். பிறகு பெருவிரலை ரயரின் பள்ளத்துக்குள் ஓட்டித் தேய்மானம் பார்ப்பார். பின்பக்கத்தில் இரட்டைச் சக்கரம் என்பதால் குனிந்து உள்ளே இருக்கும் ரயரையும் தொட்டுப் பார்ப்பார். "மிஸ் பீ சில்லுகளுக்குக் குட் மோர்னிங் சொல்லுறா" என்று பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, வழக்கம்போலப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தார். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. திறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது, வீட்டில் நோயாளி. கொம்பனிக்குக் கடிதம் எழுதி நின்றுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நோயாளி என்றது நவரட்ணத்தை. 2019 தொடக்கத்தில் அவருடைய இரண்டு சிறுநீரகமும் வேலை செய்ய மறுத்தன. வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். அதனூடாக ஒரு பை நீர்மத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் கழித்து வெளியே எடுத்துவிட்டு, புதுப் பையை விட வேண்டும். நாளுக்கு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்து நிமிடம். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சுத்தமான அறை வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், குழாயைப் பூட்டும்போது முகக்கவசம் போட வேண்டும், யாரும் வாய் திறக்கக் கூடாது. ஹொட்டேல் அறைகளில் செய்ய நவரட்ணத்துக்குப் பயம். ஆக, வீட்டை விட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அவரால் எங்கேயும் போக முடியாது.

அவரோ வீட்டில் இருக்கப் பிறந்தவர் அல்ல. கடல் என்றால் போதும், எழும்பிவிடுவார். இரண்டு மாதம் சோபாவில் இருந்து யன்னலைப் பார்த்தார். மூன்றாம் மாதம் பேர்ணடெற் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மூர்த்தி அண்ணை, இவருக்கு நாலு சுவர் வேணும் எண்டு டொக்டர்மார் சொல்லினம். அந்தச் சுவருக்குச் சில்லுப் பூட்டினா என்ன?"

2019 மே 11ஆம் திகதி ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கினார்கள். 2011இல் செய்தது, இருபத்துநாலடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, மூடக்கூடிய கதவு. நீர்மப் பையைத் தொங்கவிடக் கட்டிலுக்கு மேல் ஒரு கொழுக்கி அடித்தார் பேர்ணடெற். இங்கே எல்லோரும் இப்படியான வாகனத்தை ஆர்.வி. என்பார்கள். நவரட்ணம் அதற்கு 'வண்டில்' என்று பெயர் வைத்தார். ஓடோமீற்றரில் அன்று 41,218 கிலோமீற்றர்.

வாங்கி ஒரு மாதத்தில் நவரட்ணம் அதை ரயர் மாற்றக் கொண்டுபோனார். அன்று வெள்ளிக்கிழமை, யூன் 14. பேர்ணடெற் பஸ் வேலையில் நின்றார். அடுத்த நாள் காலை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் வண்டிலுக்குப் பூசை, நல்ல நேரம் பத்தே காலுக்கு முடிகிறது. நானும் போயிருந்தேன். ஐயர் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. பேர்ணடெற் ஏறி மெல்ல உருட்டினார். நாலு தேசிக்காயும் நசிந்தன. கண்ணாடியில் பிள்ளையார் படம், அதற்குப் பக்கத்தில் அந்தோனியார் பதக்கம். "ரெண்டு பேரும் சண்டை பிடிக்காமல் வாங்கோ" என்றார் நவரட்ணம்.

வண்டிலுக்கென்று நான் ஒரு புத்தகம் திறந்திருந்தேன். அன்றைய பதிவு இது: "2019 யூன் 15. வாகனப் பூசை. தேசிக்காய் 4. எல்லா ரயர்களும் புதிது."

பேர்ணடெற் அதை வாசித்தார். தலையாட்டினார்.

அதன் பிறகு ஆறு கோடை. போகும் இடமெல்லாம் இருந்து பேர்ணடெற் எனக்கு எடுத்து ஓடோமீற்றர் இலக்கம் சொல்வார். பெற்றோல் எவ்வளவு, காற்றழுத்தம் எவ்வளவு, நவரட்ணம் எத்தனை பை மாற்றினார், எல்லாம் சொல்வார். நான் எழுதுவேன். 2022இல் ஹலிபக்ஸுக்குப் போனார்கள். மகள் நிலக்சி அங்கே தாதியாக இருக்கிறார். கடற்கரையோரம் ஒரு முகாமிடத்தில் பதினொரு நாள் நின்றார்கள். நவரட்ணம் கடலைப் பார்த்தபடி பை மாற்றிய படம் ஒன்று அனுப்பினார்கள். அந்தப் பயணம் மட்டும் போகவர 4,312 கிலோமீற்றர்.

இந்த வருடம், 2025 ஏப்ரலில், மருத்துவர்கள் சொன்னார்கள்: வயிற்றுவழி வைத்தியம் இனி நெடுநாள் தாங்காது. செப்ரெம்பர் 8ஆம் திகதி தொடக்கம் கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்.

நவரட்ணம் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை, "அப்ப வண்டிலை வித்துப்போடுவம்."

விற்பதற்கு முதல் ஒரு தடவை ஹலிபக்ஸ் போய் வருவது என்று முடிவாயிற்று. யூலை 1ஆம் திகதி புறப்பாடு. வாங்குபவருக்குக் கொடுக்க வண்டிலின் முழு விபரத்தையும் துப்புரவாக ஒரு பிரதி எழுதித் தரும்படி நவரட்ணம் என்னைக் கேட்டார்.

யூன் 9, திங்கட்கிழமை, அந்தப் பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன். 2021 யூலைப் பக்கத்தில் பேர்ணடெற் சொல்லி நான் எழுதியது: "ஆறு ரயர்களுக்கும் காற்றுப் பார்த்தார்." ஆறு. நான் முன்பக்கம் புரட்டினேன். பூசை நாள், தேசிக்காய் நாலு. அந்தப் பக்கத்தோடு ஊசி குத்தி வைத்திருந்த ரயர் கடைச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கை என்ற இடத்தில் 4 என்று இருந்தது. ஆறு வருடமாக என் கையிலேயே இருந்த சிட்டை. நான் அன்று கோவில் வாசலில் நின்று தேசிக்காயை எண்ணினேன். ரயரை எண்ணவில்லை.

உடனே தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, உங்கடை வண்டிலுக்கு எத்தனை ரயர்?"

"என்ன அண்ணை, விடியக் காலமை பரீட்சையோ? ஆறு. முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு நாலு. ஏன்?"

"நவம் மாத்தினது நாலு."

"இல்லையே. உங்கடை புத்தகத்திலை எல்லாம் எண்டல்லோ கிடந்தது?" என்றார்.

"புத்தகத்திலை பிழை."

இந்த இரண்டு சொல்லையும் நான் வாழ்நாளில் அதற்கு முதல் சொன்னதில்லை.

வண்டில் நிற்பது ரெக்ஸ்டேலில், பார ஊர்திகளுக்கு ரயர் பூட்டும் அன்புராசாவின் முற்றத்தில். அன்புராசாவுக்கு நாற்பத்திரண்டு வயது, கை முழுக்கக் கறுப்பு, வாய் முழுக்கப் பகிடி. மறுநாள் செவ்வாய்க்கிழமை மூவரும் அங்கே போனோம். நவரட்ணத்துக்குப் பத்து மணிக்குப் பை மாற்ற வேண்டும் என்பதால் நேரே வண்டிலுக்குள் ஏறிவிட்டார். ஏறும் முன் ரயரைக் காட்டி, "பார், எப்பிடி மினுங்குது" என்றார். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் ஒரு கறுப்புத் திரவம் பூசி ரயர்களை மினுக்கி வைப்பார்.

பேர்ணடெற் பழக்கப்படி ஆறிலும் கையால் அடித்தார். பெருவிரலைப் பள்ளத்தில் ஓட்டினார். "காத்தும் சரி, பள்ளமும் சரி. தேயவே இல்லை."

"அன்ரி, உது பஸ் பழக்கம்" என்றார் அன்புராசா. "பஸ் ரயர் ஓடித் தேஞ்சு சாகும். உங்கடை ரயர் நிண்டு வயசாகிச் சாகும். தேயாமலே செத்துப்போகும். ஓடினாத்தான் ரப்பருக்குள்ளை இருக்கிற எண்ணெய் வெளியிலை வந்து அதைக் காப்பாத்தும். இஞ்சை வருசத்திலை பத்து மாசம் வெயிலுக்கையும் பனிக்கையும் ஒரே காலிலை நிக்குது."

நான் கணக்குப் பார்த்திருந்தேன். ஆறு கோடையில் வண்டில் ஓடியது 15,312 கிலோமீற்றர். பேர்ணடெற் பஸ்ஸில் ஒரே பள்ளி வருடத்தில் அதைவிடக் கூட ஓடியிருப்பார்.

அன்புராசா ஒரு துணியால் வெளி ரயரின் பக்கவாட்டைத் துடைத்தார். மினுக்கம் துணியோடு வந்தது. அதற்குக் கீழே, தெற்கு வெயில் படும் பக்கத்தில், மயிர் மாதிரி மெல்லிய வெடிப்புகள். உதட்டு வெடிப்புப் போல.

"அங்கிள், எழுதுங்கோ. இந்த நீள்வட்டத்துக்குள்ளை நாலு இலக்கம் தெரியுதே? நாலு, ஆறு, ஒண்டு, எட்டு. முதல் ரெண்டும் கிழமை, பிறகு வருசம். 2018ஆம் ஆண்டு நாப்பத்தாறாவது கிழமை செய்தது."

"பூட்டினது 2019 யூன்" என்றேன்.

"பூட்டின நாளும் பூசை செய்த நாளும் ரயருக்குத் தெரியாது அங்கிள். அது பிறந்த நாளிலை இருந்துதான் வயசுக்குப் போகும். ஏழு வருசத்தோடை மாத்திறது நல்லது. பத்தைத் தாண்ட விடவே கூடாது. வாற நவம்பரிலை இதுக்கு ஏழு."

பிறகு அவர் முதுகில் படுத்து, கைபேசியின் வெளிச்சத்தோடு பின் அச்சுக்குக் கீழே நகர்ந்தார். உள் ரயரில் அந்த இலக்கம் உள்பக்கம் பார்த்துத்தான் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு இலக்கம் அடித்திருக்குமாம். வெளியே நின்று குனிந்தால் தெரியாது.

"அன்ரி… பூச்சியம், ஒன்பது, ஒண்டு, ஒண்டு."

2011ஆம் ஆண்டு ஒன்பதாவது கிழமை. பதினாலு வருடம். இரண்டு உள் ரயரும் அதே.

அவர் எடுத்துக் காட்டிய படத்தில் ஒரு வெடிப்புக்குள் அவருடைய நகம் நுழைந்திருந்தது. 2022இல் ஹலிபக்ஸ் போய் வந்த 4,312 கிலோமீற்றரும் அந்த இரண்டு ரயரில்தான். கடல் பார்த்த படம், கொழுக்கியில் தொங்கிய பை எல்லாம் அதன் மேல்தான். நான் எழுதிய ஒரு வரியை நம்பித்தான்.

"பிள்ளை, நான்…" என்று தொடங்கினேன்.

"சும்மா இருங்கோ அண்ணை. பஸ்ஸா இருந்தா நான் கீழை படுத்துப் பாத்திருப்பன். புத்தகம் சொல்லிச்சுது எண்டு விட்டது என்ரை பிழை." அவர் அந்த உள் ரயரில் இன்னொரு தடவை உள்ளங்கையை வைத்தார், அடிக்கவில்லை. "பாவம், இவ்வளவு நாளும் காவிக்கொண்டு வந்திருக்கு."

பிறகு அவர் வண்டில் கதவைத் திறந்தார். என்னையும் உள்ளே கூப்பிட்டு ஒரு முகக்கவசம் தந்தார். நவரட்ணம் கட்டிலில் சாய்ந்திருந்தார். குழாய் பூட்டியாகிவிட்டது, பழைய நீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இனிப் பேசலாம். அவரால் எழும்பிப் போகத்தான் முடியாது. பேர்ணடெற் அந்த நேரத்தைத் தெரிந்துதான் ஏறினார் என்று நினைக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, 2019இலை எத்தனை ரயர் மாத்தினீங்கள்?"

நவரட்ணம் என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.

"கடையிலை நாலுதான் இருந்தது. மற்ற ரெண்டும் வர ஒரு கிழமை எண்டாங்கள். விடிஞ்சா பூசை, பத்தே காலோடை நல்ல நேரம் முடியுது. உள்ளுக்கை இருக்கிறதுக்கு வெயில் படாதுதானே எண்டு விட்டிட்டன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தன். அதுக்குள்ளை மூர்த்தி அண்ணை எல்லாம் எண்டு எழுதிப்போட்டார். வடிவான எழுத்து. அதைப்போய் எப்பிடி வெட்டச் சொல்லுறது?"

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேல் கண்ணில் தெரிந்தது. ஆனால் நவரட்ணம் சிரிக்கவில்லை.

"விடு பேர்ணி. போக வேண்டாம். இப்பவே வித்துப்போடுவம், வாங்கிறவன் ரயர் போடட்டும். ஒரு பயணத்துக்கு ஆறு புது ரயரே? கடைசிப் பயணத்துக்கு ஆரும் புதுச் செருப்பு வாங்கிறேல்லை."

"கடைசி எண்டு ஆர் சொன்னது?"

"டொக்டர் சொன்னவர். செப்ரெம்பர் எட்டு."

"டொக்டர் மெசின் எண்டுதான் சொன்னவர், கடைசி எண்டு சொல்லேல்லை." பேர்ணடெற் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நான் நிலக்சியிட்டைச் சொல்லி அங்கத்தை ஆஸ்பத்திரியிலை கேப்பிச்சனான். மெசின் அங்கையும் இருக்கு. வெளியூர் ஆக்களுக்கும் இடம் குடுப்பினமாம். மூண்டு நாலு மாசத்துக்கு முதல் எழுதிப் பதிய வேணும், அவ்வளவுதான். அடுத்த வருசம் போகேக்கை கிழமைக்கு மூண்டு நாள் நீங்கள் மெசினிலை இருப்பியள், மிச்ச நாலு நாளும் கடலிலை."

"போகேக்கை வழியிலை?"

"வழியிலையும் பதியலாம். மூர்த்தி அண்ணை இருக்கிறார் எழுதித் தர."

நவரட்ணம் யன்னல் பக்கம் திரும்பினார். பை நிறையும் சத்தம் கேட்டது.

"மார்ச் பதின்மூண்டு எனக்குக் கடைசி நாள் எண்டு ஆரும் சொல்லேல்லை" என்றார் பேர்ணடெற். குரல் தாழ்ந்திருந்தது. "சொல்லியிருந்தா பிள்ளையளை ஒவ்வொருத்தரா பேர் சொல்லி இறக்கியிருப்பன். அண்டைக்கு மழை, கெதியா இறங்குங்கோ எண்டு கத்தினனான். அதுதான் நான் கடைசியாச் சொன்னது. இப்ப தெரியாத ஒண்டை முதலே கடைசி எண்டு எழுதி வைக்க நான் விடமாட்டன். ஆறும் போடுறம். இந்த வருசத்துக்கும் போடுறம், அடுத்த வருசத்துக்கும் போடுறம்."

"வயசு போனதெல்லாத்தையும் மாத்திறாய். என்னை என்ன செய்யப் போறாய்?"

"உங்கடை கன்னத்திலை வெடிப்பு இல்லை. கொஞ்சம் பொறுங்கோ, நகம் போகுதோ எண்டு பாப்பம்" என்று சொல்லி அவர் கையை நீட்ட, நவரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவருடைய தோள் குலுங்கியது, சிரிப்பில்தான்.

வெளியே அன்புராசா கதவைத் தட்டினார். "அங்கை என்ன முடிவு? ஓடர் குடுக்கிறதோ, விக்கிற போர்ட் மாட்டிறதோ?"

"குடு தம்பி, ஆறும்" என்று கட்டிலிலிருந்தே கத்தினார் நவரட்ணம். "பிறந்த கிழமை பாத்து எடு. வயசு போன குமருகளைக் கொண்டுவந்து என்ரை தலையிலை கட்டிப்போடாதை."

யூன் 26ஆம் திகதி ஆறு ரயரும் பூட்டப்பட்டன. இந்தத் தடவை நான் முற்றத்துக்குப் போய், அன்புராசாவின் கண்ணாடித் துண்டு ஒன்றை வாங்கி, ரயர்கள் பூட்டுமுன்னும் பூட்டிய பின்னும் இலக்கங்களை எழுதினேன். முன் இரண்டிலும் பின் வெளி இரண்டிலும் 1825. பின் உள் இரண்டிலும் 1725. ஆறு வரி, ஆறு இலக்கம். 2019ஆம் ஆண்டுப் பதிவைச் சிவப்பு மையால் திருத்திப் பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். மினுக்கும் திரவத்தை அன்புராசா எடுத்து ஒளித்துவிட்டார். ரயர்களுக்கு வெயில் படாமல் போட ஆறு உறை தைத்து வைத்திருந்தார் பேர்ணடெற்.

28ஆம் திகதி சனிக்கிழமை மறுபடியும் கோவில். ஐயர் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு தேசிக்காய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பேர்ணடெற் தன் கைப்பையிலிருந்து இன்னும் இரண்டு எடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாகனத் தரிப்பிடத் தரையில் முழங்கால் குத்தி, பின் அச்சுக்குக் கீழே தலையை நுழைத்தார்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?" என்றார் ஐயர்.

"உள்ளுக்கை ரெண்டு பேர் இருக்கினம் ஐயா. போனமுறை அவைக்கு ஒண்டும் கிடைக்கேல்லை."

ஐயர் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, விபூதித் தட்டை உள்ளே நீட்டினார். ஒரு வேதக்காரி பிள்ளையார் கோவில் வாசலில் குனிந்திருந்து தேசிக்காய் வைப்பதைப் பார்க்க ஒரு சிறு கூட்டமே சேர்ந்துவிட்டது. நவரட்ணம் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று வழி சொன்னார். வண்டில் உருண்டபோது ஆறும் நசிந்த சத்தத்தை நான் எண்ணினேன். ஓடோமீற்றர் 56,571.

அங்கேயே நின்று எழுதினேன்: "தேசிக்காய் 6. ரயர் 6." அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: "அடுத்து மாற்ற வேண்டியது: 2032 ஏப்ரல்."

நவரட்ணம் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"2032இலை எனக்கு எழுபத்தைஞ்சு" என்றார்.

"ஓம்" என்றேன்.

அவர் ஏறித் தன் பக்க ஆசனத்தில் இருந்து பட்டியைப் பூட்டினார்.

யூலை 1ஆம் திகதி காலை எட்டு இருபதுக்குப் புறப்பட்டார்கள். வழியில் நாலு தடவை பேர்ணடெற்றிடமிருந்து அழைப்பு வந்தது. யூலை 5, சனிக்கிழமை, பின்னேரம் மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை பேசியது நவரட்ணம். ஆறு வருடத்தில் அவர் எனக்கு இலக்கம் சொல்ல எடுத்தது அதுவே முதல் தடவை.

"அண்ணை, எழுதுங்கோ. அம்பத்தெண்ணாயிரத்து நானூற்றி முப்பத்தேழு. ஆறுக்கும் காத்துப் பாத்தனான். உள்ளுக்கை இருக்கிற ரெண்டையும் கை விட்டுத் தொட்டுப் பாத்தனான், சூடு இல்லை."

"எங்கை நிக்கிறியள்?"

"கேக்கேல்லையே?" அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். கடல் இரைவது கேட்டது. அதற்குப் பின்னால் பேர்ணடெற், "மூக்கை மூடுங்கோ, குழாய் பூட்டப் போறன், இனி ஒருத்தரும் கதைக்கிறேல்லை!" என்று சத்தம் போடுவதும் கேட்டது.

"அண்ணை," என்று அவசரமாக வந்தார் நவரட்ணம், "அந்த 2032, அது மையாலை தானே எழுதினது? பென்சிலாலை இல்லையே?"

"மையாலைதான்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.